சாளர நிறங்கள்: பிரெஞ்சு விண்டோஸில் தமிழ் வாசிப்போருக்கு

கணினித் திரையில் திறக்கும் ஒவ்வொரு சாளரத்துக்கும் தலைப்புப் பட்டை, விளிம்பு, எழுத்து, எழுத்தின் பின்புலம் என்று தனித்தனி நிறங்கள் உண்டு. இவற்றை மாற்றுவதை வெறும் அலங்காரம் என்றே பலரும் நினைக்கிறார்கள். தலைப்புப் பட்டையைப் பொறுத்தவரை அது சரிதான். பின்புலத்தின் கதை வேறு. ஊர்ச் செய்திகளையும் நாவல்களையும் மணிக்கணக்கில் திரையில் வாசிக்கும் வயதானவர்களுக்குத் தூய வெள்ளை கண்ணைக் கூசவைக்கும். பழுப்பேறிய தாளின் நிறத்துக்கு அதை மாற்றிக்கொண்டால் இன்னும் சில பக்கங்கள் வாசிக்கலாம்.

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் வாழும் தமிழருக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல். கியூபெக்கின் பிரெஞ்சு மொழிச் சாசனத்தில் 1997இல் சேர்ந்த 52.1ஆம் பிரிவின்படி, ஒரு மென்பொருளுக்குப் பிரெஞ்சுப் பதிப்பு இருந்தால் அது அங்கே பிரெஞ்சில் கிடைத்தாக வேண்டும். ஆகவே அங்கு வாங்கும் கணினி பிரெஞ்சில் வருவது இயல்பு. பள்ளியில் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகளுக்கு அதில் சிரமமில்லை. பெற்றோருக்கும் அம்மம்மாவுக்கும்தான் சிரமம். தமிழில் வரும் கணினிக் கட்டுரைகளோ ஆங்கிலப் பெயர்களையே சொல்கின்றன. (நம் 'யன்னல்' போர்த்துக்கீசரிடமிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரருக்கு அது 'ஃபெனெத்ர்'.) எனவே இங்கே பிரெஞ்சுப் பெயர்களை ஒலிப்பின்படி தருகிறேன்.

முன்பு இது எளிய வேலை. 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் ஆயத்த நிறத் தொகுதிகள் பல இருந்தன. அவற்றுள் 'ஹாட் டாக் ஸ்டாண்ட்' என்ற சிவப்பு மஞ்சள் தொகுதி அதன் அழகின்மைக்காகவே இன்றும் நினைவுகூரப்படுகிறது. விண்டோஸ் 95இலிருந்து, திரையின் வெற்றிடத்தில் வலச்சொடுக்கு, 'ப்ரொப்ரியெத்தே', பின் 'அப்பரான்ஸ்' என்று போனால் ஒவ்வொரு உறுப்பின் நிறத்தையும் தனித்தனியே தேரலாம். 2001இல் வந்த எக்ஸ்பி தன் நீலம், ஒலிவ் பச்சை, வெள்ளி என்ற மூன்று தோற்றங்களை முன்னே நிறுத்தியது; ஆயினும் பழைய பட்டியல் உள்ளே இருந்தது. 2009இன் விண்டோஸ் 7 வரை அது நீடித்தது. 2012இல் விண்டோஸ் 8 அதை எடுத்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் செய்த மாற்றங்களில் வாசகரை மதிக்காதது இதுவே என்பேன்.

இன்று விண்டோஸ் 11இல் 'பரமேத்ர்', 'பெர்சொனலிசசியோன்', 'குலூர்' என்று போனால் கிடைப்பது தலைப்புப் பட்டைக்கும் விளிம்புக்கும் ஒரு நிறம், கூடவே வெளிச்சம் அல்லது இருள் என்ற தேர்வு. இருள் தோற்றத்தைப் பலர் கண்ணுக்கு நல்லது என்கிறார்கள். தமிழுக்கு அது எப்போதும் பொருந்துவதில்லை என்பது என் அனுபவம். கரும்பின்புலத்தில் வெள்ளெழுத்து சற்றே கசிந்து தெரியும். 'ணை', 'ஞ' போன்றவற்றின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சிறிய எழுத்தில் புள்ளியும் மறையும்.

பின்புலத்தை மாற்ற வழி வேறிடத்தில் இருக்கிறது. 'பரமேத்ர்' உள்ளே 'அக்செசிபிலிதே', அதில் 'தெம் து கொந்த்ராஸ்ட்'. பார்வைக் குறையுள்ளோருக்காக அமைந்த நான்கு தொகுதிகளில் 'தெசேர்' வெளிர்ந்த தாள் நிறப் பின்புலம் கொண்டது. அதைத் தேர்ந்து 'அப்ளிகே' அழுத்துங்கள். 'மொதிஃபியே' வழியாகப் பின்புலத்தையும் எழுத்தையும் நம் விருப்பப்படி மாற்றலாம். சிவப்பு 245, பச்சை 238, நீலம் 220 என்ற பின்புலத்தில் கறுப்பு எழுத்து எனக்குப் பிடித்தது. உலாவிகளும் இதற்குக் கட்டுப்படும் என்பதால் வலைப்பக்கங்களின் கண்ணைப் பறிக்கும் நிறங்களும் அடங்கிவிடும். சில பொத்தான்களும் சின்னங்களும் உருமாறித் தெரிவது இதன் குறை.

'ரெஜிஸ்ட்ரி'யில் பழைய நிறப் பட்டியல் இன்றும் எண்களாக இருக்கிறது. ஆனால் பழைய வகைச் செயலிகள்தான் அதை மதிக்கின்றன. உழைப்புக்கேற்ற பலன் இல்லை. முழு உரிமை வேண்டுவோர் லினக்ஸின் கேடிஈ மேசைத்தளத்தைப் பார்க்கலாம். அங்கே ஒவ்வொரு உறுப்புக்கும் இன்னமும் தனி நிறம் தரலாம்.

ஒரே கணினியைப் பேரப்பிள்ளைகளும் பயன்படுத்தும் வீடுகளில், அதே 'தெம் து கொந்த்ராஸ்ட்' பக்கத்தில் விசைக் குறுக்குவழியை இயக்கி வையுங்கள். இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட் இரண்டோடும் பிரிண்ட் ஸ்க்ரீன் விசையை அழுத்தினால் அம்மம்மாவின் தாள் நிறம் வரும். மீண்டும் அழுத்தினால் பிள்ளைகளின் நிறங்கள் திரும்பும்.