பூதத்துக்குப் புரியாத பேச்சு

நெற்களமான களவெட்டிக்குள் நுழைந்துவிட்டால் மாட்டை மாடு என்று சொல்லக்கூடாது. அங்கே அதன் பெயர் வாரிக்காலன். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையை, போரதீவுப்பற்றுப் பக்கத்துப் பழுகாமத்தையும் சேர்த்து, படுவான்கரை என்பார்கள். பொழுது படும் கரை. எதிரே கடற்பக்கம் கிடப்பது எழுவான்கரை. படுவான்கரைக்கு வயல்தான் வாழ்வு. அந்த வயலில், சூடு அடிக்கும் நாட்களுக்கென்றே தனிப் பேச்சு ஒன்று இருந்தது.

வேளாண்மை வெட்டி, வெட்டிய கதிர்ப் பிடிகளான உப்பட்டிகளைச் சேர்த்துச் சூடாகக் குவித்துவைப்பார்கள். பிறகு களத்தில் கதிரைப் பரப்பி, பிணைத்த மாடுகளைச் சுற்றிச் சுற்றி நடத்துவார்கள். பெரும்பாலும் இரவு வேலை. சுற்றிலும் இருட்டு, நடுவில் வருடத்து உழைப்பெல்லாம் ஒரே குவியலாக. பூதம் வந்து விளைச்சலை அள்ளிக்கொண்டு போய்விடும் என்ற பயம் அங்கேதான் பிறந்தது. பெயர் தெரிந்தால்தானே அள்ளும்? பெயரை மாற்றிவிட்டார்கள்.

நெல் பொலியானது. நெல்லை அளக்கும் மரைக்கால் கணக்கனானது. நெல் கொள்ளும் கலங்களில் வாய் அகன்றது பெருவாயன், சிறியது குஞ்சுவாயன். காலால் வைக்கோலை வாரிக்கொண்டு நடப்பவன் வாரிக்காலன். ஒளித்துப் பேசக் கட்டிய சொற்கள் இவை. ஆனால் பொருளின் வாயையும் காலையும் தொழிலையும் அப்படியே காட்டிக்கொடுத்துவிடுகின்றன. கொஞ்சம் யோசித்தால் சின்னப் பிள்ளையும் கண்டுபிடித்துவிடும். படுவான்கரைப் பூதங்கள் அவ்வளவு மந்தம் என்று நம்பினார்கள் போலும்.

இலக்கணக்காரர் இதற்குக் குழூஉக்குறி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல் அதைத் தகுதி வழக்கில் ஒன்றாகச் சேர்க்கிறது. காட்டாகச் சொல்லப்படுபவையும் சுவையானவை: பொற்கொல்லருக்குப் பொன் 'பறி', யானைப்பாகருக்கு ஆடை 'காரை', வேடருக்குக் கள் 'சொல்விளம்பி'. உள்ளே போனால் சொல்லை வெளியே இழுப்பது என்பதால் அந்தப் பெயர். வாரிக்காலனைப் பெற்ற அதே குறும்புதான் இதையும் பெற்றிருக்கிறது.

அயலிலும் இதே கதைதான். சிங்கள விவசாயிகளுக்கும் சூடடிக்கும் களத்துக்கெனக் 'கமத் பாஷை' உண்டு. அவர்களுக்கு அங்கே மாடு 'அம்பருவா'. தமிழ்நாட்டுக் களங்களில் நெல் அளப்பவர் முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணமாட்டார், 'லாபம்' என்பார். இரவில் பாம்பைப் பூச்சி என்று சொல்லும் வீடுகளுக்கும் கணக்கில்லை.

வித்துவான் வீ. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வெளிவந்தது. மட்டக்களப்பு நிலத்தின் வழக்குகளையும் நாட்டார் பாடல்களையும் தேடிப்போகிறவர்கள் இன்றும் முதலில் கையிலெடுக்கும் நூல்களில் அது ஒன்று. காலப்போக்கில் களத்தில் மாட்டின் இடத்தை உழவு மெசின் பிடித்தது. பிறகு வெட்டுகிற மெசினே நெல்லையும் பிரித்துச் சாக்கில் கொட்டத் தொடங்கியது. வாரிக்காலனுக்கு வேலை போயிற்று, அவனுடைய பெயருக்கும் போயிற்று. இப்போது வயலோரத்தில் நின்று நெல் நெல் என்றே கத்தினாலும் பயமில்லை. மெசின் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. பூதத்துக்கு எங்கே கேட்கப்போகிறது!