மதுரையில் அரங்கேறிய ஆயிரம் கேள்விகள்

வைகையின் வடகரையிலுள்ள கோரிப்பாளையம் தர்காவுக்குச் செல்லும் நம்மில் பலரும் ஸியாரத் முடிந்ததும் திரும்பிவிடுகிறோம். அங்கிருக்கும் கல்வெட்டின் முன் சற்று நிற்பவர் சிலரே. கூன் பாண்டியன் விட்ட மானியத்தை வீரப்ப நாயக்கர் உறுதிசெய்ததைக் கூறும் அக்கல்வெட்டு 1573-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதற்கு ஓராண்டு முன்னர், 1572-இல், இதே மதுரையில் ஒரு முஸ்லிம் புலவர் தம் நூலை அரங்கேற்றினார். செய்கு முதலி இசுகாக்கு என்னும் இயற்பெயர் கொண்ட வண்ணப் பரிமளப் புலவரே அவர். நூலின் பெயர் ஆயிர மசலா. முழுமையாக நமக்குக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் காலத்தால் முந்தியது இதுவே.

இப்பெயரைச் சொன்னால் நம் பிள்ளைகளுக்கு அடுக்களைதான் நினைவுக்கு வருகிறது. 'மஸ்அலா' என்னும் அரபுச் சொல்லுக்குக் கேள்வி, விளக்கம் வேண்டும் விவகாரம் என்று பொருள். மதீனாவின் யூத அறிஞரான அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் கேள்விகள் கேட்டு, விடைகளில் மனம் தெளிந்து இஸ்லாத்தை ஏற்ற வரலாறே இந்நூலின் கரு. புகாரியில் இடம்பெறும் அறிவிப்பில் அவர் கேட்டவை மூன்று கேள்விகள். பிற்காலத்தார் சொல்லச் சொல்ல அவை ஆயிரமாயின.

வளர்ந்த கதை பல நாடுகளுக்குச் சென்றது. சென்ற இடந்தோறும் அது வேறு நூலாயிற்று என்பதே நாம் கவனிக்கத்தக்கது. 1143-ஆம் ஆண்டையொட்டி ஸ்பெயினில் அதை இலத்தீனில் பெயர்த்தார்கள். பெயர்க்கச் செய்தவர் குளூனி மடத்துத் தலைவர் பீட்டர். இஸ்லாத்தை மறுப்பதற்கு வேண்டிய சான்றுகளைத் திரட்டுவதே அவர் நோக்கம். ஒரு யூத அறிஞரின் உள்ளத்தை வென்றதாக முஸ்லிம்கள் போற்றிய அதே விடைகளை, இஸ்லாத்தின் பிழைகளுக்குச் சான்றாக ஐரோப்பா படித்தது! ஜாவாவிலோ இப்னு ஸலாம் 'சமுத்' என்னும் பெயர் பெற்றார். பின்னாளைய ஜாவானிய நூல்களில் அவ்வுரையாடல் குருவும் சீடரும் ஞானம் பேசும் சாயலை அடைந்தது.

மதுரையில் அது புராணமாயிற்று. ஆயிர மசலாவுக்கு 'அதிசய புராணம்' என்றும் பெயருண்டு. முஸ்லிம் ஒருவர் தம் நூலைப் புராணம் என அழைக்கலாமா என்று இன்று நெற்றி சுருக்குவோர் உளர். தமிழ்ச் சங்கத்தின் ஊர் எனத் தன்னைக் கருதிக்கொண்ட நகரம் அது. செய்யுளில் யாத்து, அவையில் அரங்கேற்றி, அறிந்தோர் ஒப்புதலைப் பெற்றாலன்றி எதையும் நூலென அங்கு யாரும் மதிக்கமாட்டார்கள். பெருமைக்குரிய சமயக் காவியம் எனக் கேட்போர் உடனே உணர, அக்காலத் தமிழில் இருந்த சொல் அதுதான்.

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தையும் இவ்வாறே தவறாகப் படிக்கிறோம். 5027 பாடல்கள் கொண்ட அக்காப்பியத்தின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டில் மழை பொழிகிறது, வெள்ளம் பெருகுகிறது, வயல் விளைகிறது. மக்காவில் நெல் ஏது என்று நகைப்பது எளிது. ஆனால் தமிழ்க் காப்பியத்தில் நாட்டுப் படலம் நிலவியல் பாடமன்று. தலைவன் தோன்றும் மண்ணுக்குக் கவிஞன் செய்யும் மரியாதை அது. மழை பொய்த்த நாடு என்றால் செங்கோல் கோணிய நாடு என்று பொருள்கொள்ளும் அவையினர் முன் வெறும் மணலை மட்டும் பாடியிருந்தால், அருமை நபி பிறந்த மண்ணைச் சபிக்கப்பட்ட பூமியென்றே அவர்கள் எண்ணியிருப்பார்கள். உமறு அரபு நாட்டை அறியாமல் பாடவில்லை. தம் எதிரே அமர்ந்திருந்தவர்களை அறிந்து பாடினார்.

இச்சூழலை மறந்ததால் நாம் இழந்தவை பல. நூறு மசலாவும் வெள்ளாட்டி மசலாவும் நம் பாட்டிமார் இராகத்தோடு படித்தவை. எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பரணிலிருந்த அரபுத்தமிழ்ப் பிரதிகளை, ஆதாரமற்ற கதைகள் என்று சொல்லி மூட்டையாகக் கட்டிக் கிணற்றில் இட்டார்கள். ஹதீஸ் நூலை எடைபோடும் தராசு காப்பியத்துக்கு எதற்கு? மார்க்கச் சட்டம் அறிய எவரும் மசலாவைப் புரட்டியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. மறுபுறம், இவை அனைத்தும் பிறர் காப்பியங்களைப் பார்த்து எழுதிய போலிகள் என்று தள்ளும் புலமையாளரும் இருக்கின்றனர். அவர்களும் மதுரை அவையை மறந்தவர்களே. அந்த மரபை வண்ணப் பரிமளப் புலவர் எவரிடமும் கடன் வாங்கவில்லை. அது அவருடைய தாய்மொழியின் மரபு.

இலங்கையில் பிறந்த அறிஞர் ம.மு. உவைஸ், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராகப் பணியாற்றினார். பீ.மு. அஜ்மல்கானுடன் இணைந்து அவர் எழுதிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றின் முதல் தொகுதியை அப்பல்கலைக்கழகமே 1986-இல் வெளியிட்டது. நானூறு ஆண்டுகளுக்குப் பின்னர் ஆயிர மசலாவின் வரலாற்றைத் தமிழுலகம் மீண்டும் கேட்டது, அது அரங்கேறிய அதே ஊரிலிருந்து.