சோல்ற்றெயர் ஆலையும் கடைவீதியும்

விக்ரோறியா மகாராணி காலத்துக் கம்பளி ஆலையொன்று அரண்மனைபோல் எழுந்தமைக்குச் சோல்ற்றெயர் தக்க சான்றாகும். இங்கிலாந்தின் பிராட்போட் நகரப் புகைக்கும் நெருக்கடிக்கும் அப்பால், ஏர் ஆற்றங்கரையில், ரைற்றஸ் சோல்ற் என்பார் 1853 இல் இதனைத் திறந்தார். லொக்வூட், மோசன் என்னும் கட்டடக் கலைஞர் இத்தாலியப் பாணியில் அமைத்த கல்முகப்பின் நீளம் 545 அடி. எனினும், முகப்பினும் உள்ளமைப்பே ஆராயத்தக்கது. எண்ணெயூறிய மரத்தளங்கள் எளிதில் தீப்பற்றுமாதலின், வார்ப்பிரும்புத் தூண்களின்மேற் செங்கல் வளைவுகள் தாங்கும் தளங்கள் இடப்பட்டன.

ஆலையினின்று மேலேறும் விக்ரோறியா வீதியிற் கடைகளும் அவ்வாறே கல்லால் எழுந்தன. தொழிலாளி கூலி பெற்ற கட்டடமும் அக்கூலியைச் செலவிட்ட கட்டடமும் ஒரே முதலாளியின் உடைமைகள். கடைகளுக்கு இடமளித்த சோல்ற், மதுச்சாலைக்கு மட்டும் இடமளித்தாரல்லர். மேற்பார்வையாளரின் வீடுகளோ, ஏனையோர் வீடுகளினும் பெரியனவாய், குடியிருப்போர் தரத்தைத் தெருவிலேயே அறிவித்தன.