மாதிரியுருக் கலையில் பழமையின் ஒளிப்படங்கள்: மட்டக்களப்பு வாவிக்கரை

பழைய வாகனங்களையும், வெயிலும் மழையும் தின்ற கட்டடங்களையும் சிற்றளவில் செய்யும் மாதிரியுருக் கலைஞர்கள் ஒளிப்படங்களையே பெரிதும் நம்பி வேலை செய்கிறார்கள். இத்தகைய படங்கள் கற்பனையைத் தூண்டுவன என்றுதான் பொதுவாகப் பேசப்படுகின்றன. ஒரு பொருள் எந்தக் காரணத்தால், எந்த வரிசையில் சிதைந்தது என்பதற்கு அவை சான்று என்பதே அதைவிடப் பெரிய பயன். சிதைவு இடத்துக்கு இடம் மாறும். எனவே மட்டக்களப்பில் அமிர்தகழியின் ஒரு தெருவையோ கல்லடியின் ஒரு கடையையோ செய்ய முனைபவருக்கு ஐரோப்பியப் பண்ணைவீட்டின் பாசியைக் காட்டும் பயிற்சிப் படங்கள் போதா. வாவிக்கரையிலேயே எடுத்த படங்கள் வேண்டும்.

மாமாங்கேஸ்வரர் கோயிலால் அறியப்பட்ட அமிர்தகழி, மட்டக்களப்பு நகரை அடுத்து வாவியின் பக்கத்தில் அமைந்தது. வாவி கடலோடு தொடர்புள்ள உவர்நீர்ப் பரப்பு. இத்தகைய நிலத்தில் சுவருக்குள் ஏறும் ஈரம் உப்பையும் கூடவே கொண்டுவருகிறது. நீர் ஆவியானதும் உப்பு பளிங்காகி, சுண்ணாம்புப் பூச்சை உள்ளிருந்து தள்ளுகிறது. ஆகவே பூச்சு முதலில் சுவரின் அடியில் உதிர்ந்து செங்கல் வெளித்தெரியும். மேற்பகுதியில் பழைய நிறம் நிற்கும். வடகீழ்ப் பருவமழையின் கறுப்புக் கறை சன்னல் விளிம்புக்குக் கீழே கோடுகளாக இறங்கும். இரும்பிலும் ஓர் ஒழுங்கு உண்டு. உப்பிலுள்ள குளோரைடு துருவை விரைவுபடுத்துகிறது. நீர் தேங்கும் மூட்டுகளிலும் அடிப்பக்கங்களிலும் அது தொடங்குகிறது. 1924இல் திறக்கப்பட்ட கல்லடியின் லேடி மானிங் இரும்புப் பாலத்தைப் படமெடுப்பவர் பக்கத்தோற்றத்தோடு நின்றுவிடாமல், சட்டங்கள் சந்திக்கும் மூலைகளை நெருங்கி எடுக்க வேண்டியது இதனால்தான். வாகனங்களுக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. 1977 வரை நீடித்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் மொரிஸ் மைனர் போன்ற பிரித்தானியக் கார்கள் இலங்கையில் நெடுங்காலம் ஓடின. திருத்தி, மறுபடி நிறம் பூசி ஓட்டப்பட்டன. கதவின் கீழ்விளிம்பில் பெயின்ட் உரிந்த இடத்தில் அடியிலுள்ள பழைய நிறம் தெரிவது அந்த வரலாற்றின் தடயம். புத்தம்புதுக் காருக்குத் துருநிறம் தெளித்தால் இந்த அடுக்குகள் வரா.

படத்தைச் சான்றாகக் கொண்டால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இங்கிலாந்தின் பெண்டன் அருங்காட்சியகம் சிறந்த எடுத்துக்காட்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து அங்கு குடியேறிய ரோய் இங்லண்ட், மறைந்துவந்த கிராம வீடுகளைப் பதிவுசெய்யும் நோக்கோடு 1954இல் அதை நிறுவினார். அங்குள்ள வீடுகள் உண்மையான வீடுகளின் அளவுகளையும் பதிவுகளையும் கொண்டு, ஓர் அடிக்கு 4 மில்லிமீற்றர் என்ற விகிதத்தில் செய்யப்பட்டவை. அதே விகிதத்தில் 9 அங்குலச் செங்கல் 3 மில்லிமீற்றர் ஆகிவிடும். எனவே படத்தில் அளவுகோலோ அளவு தெரிந்த பொருளோ இருப்பது அழகான வெளிச்சத்தைவிட முக்கியம்.

படம் நிறத்தைப் பொய்யாகக் காட்டும், பொருளைத் தட்டையாக்கும் என்பது நியாயமான மறுப்பு. நண்பகல் வெயிலில் சுண்ணாம்புச் சுவர் வெளுத்துவிடும். மாலையில் துரு மிகையாகச் சிவக்கும். மேகமூட்டமான பொழுதில், நிற அட்டையை அருகே வைத்து, ஒரே பொருளைப் பல பக்கங்களிலிருந்து எடுத்தால் இக்குறை பெரும்பாலும் தீரும். மாதிரியுரு என்பது கலை, அதற்கு இத்தனை கண்டிப்பு எதற்கு என்றும் கேட்கலாம். கலைஞர் சிலவற்றை விடலாம், சிலவற்றை அழுத்தலாம். சிறிய பொருளில் நிறத்தைச் சற்று வெளிறச் செய்வதும் ஏற்ற உத்தியே. ஆனால் காரணம் தெரியாமல் கூட்டிய துரு எல்லா ஊருக்கும் ஒரே முகத்தைத் தந்துவிடும்.

இவற்றினும் கனமான மறுப்பு, சிதைவை அழகாக்குவது பிறர் துயரை அலங்காரமாக்குவது என்பது. மட்டக்களப்பில் இதைத் தள்ளிவிட முடியாது. இங்கு கூரையிழந்த வீடு வெறும் முதுமையால் அப்படி ஆனது என்று எண்ணிவிடக் கூடாது: 1978 நவம்பரில் புயல், பின்னர் நீண்ட உள்நாட்டுப் போர், 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை. குண்டு துளைத்த சுவரையும் உப்பு அரித்த சுவரையும் ஒரே தூரிகையால் தீட்டுவது பொய். முன்னதற்கு அங்கு வாழ்ந்தவர்களின் நினைவு உண்டு. படமெடுப்பதை நிறுத்திவிடுவது இதற்கு விடையாகாது. எடுத்த நாள், இடம், நோக்கிய திசை, சிதைவின் காரணம் ஆகியவற்றைப் படத்தோடு எழுதி வைப்பதும், குடியிருப்போரின் இசைவைப் பெறுவதும் வேண்டும். தேதியில்லாத கல்லடிப் படம் 2004க்கு முந்திய கரையா பிந்திய கரையா என்றுகூடச் சொல்லாமல் போகலாம். அதைப் பார்த்துச் செய்தவர் இரண்டு காலங்களை ஒரே தெருவில் கலந்துவிடுவார்.