விபத்தும் ஜமாஅத்தின் பொறுப்பும் – ஒரு வரலாற்றுப் பார்வை



நம் மஹல்லாவில் ஒரு வீட்டில் மவ்த் நிகழ்ந்துவிட்டால் செய்ய வேண்டியவற்றை எவரும் எவருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வருகிறது. கபர் தோண்ட ஆட்கள் செல்கின்றனர். சந்தூக் வாசலுக்கு வந்து சேருகிறது. அண்டை வீடுகளிலிருந்து உணவு வருகிறது. ஆனால் சாலை விபத்தில் சிக்கி, உயிர் பிழைத்து, தலையிலோ முதுகெலும்பிலோ அடிபட்டு மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்கு இத்தகைய வழக்கம் எதுவும் நம்மிடையே நிலைபெறவில்லை. முதல் வாரம் மருத்துவமனை வாசலில் கூட்டம் நிற்கிறது. அடுத்த ஜும்ஆவில் துண்டு விரித்து வசூல் செய்யப்படுகிறது. அத்துடன் கடமை முடிந்ததாக எண்ணிக் கலைந்துவிடுகிறோம். நான்காம் மாதத்தில் அந்த வீட்டுப் பெண்மணி கடைசி வளையலை அடகுக்கடைக்கு எடுத்துச் செல்லும்போது உடன் செல்ல ஆளில்லை.

இது நம் முன்னோர் காட்டிய வழியன்று. இஸ்லாமிய வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போமாயின், காயம்பட்டவரையும் அவரை நம்பியிருந்தோரையும் தாங்குவது அன்றைய இரக்கத்தைப் பொறுத்த செயலாக விடப்படாமல், பெயர் எழுதி, தவணை குறித்து, பொறுப்பாளரை நியமித்துச் செய்யப்பட்ட ஏற்பாடாக இருந்ததைக் காணலாம்.

கி.பி. 622இல் பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனா வந்தடைந்தபின், அந்நகர மக்களிடையே ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் அதனைப் பதிவு செய்துள்ளார். அதன் தொடக்கப் பகுதியிலேயே குறைஷி முஹாஜிர்களும், பனூ அவ்ஃப், பனூ ஸாயிதா, பனூ நஜ்ஜார் முதலிய அன்ஸாரிக் குலத்தாரும் ஒவ்வொருவராகப் பெயர் குறிப்பிடப்பட்டு, தத்தம் குலத்துக்குரிய இழப்பீடுகளைக் கூட்டாகச் செலுத்தும் பொறுப்பில் நிறுத்தப்படுகின்றனர். அதனை அடுத்து, கடனாலும் குடும்பப் பாரத்தாலும் நசுங்கியவரை இறைநம்பிக்கையாளர்கள் கைவிடலாகாது என்ற பொருளில் ஒரு விதி வருகிறது. அங்கே வரும் 'முஃப்ரஹ்' என்ற சொல்லுக்குக் கடன் மிகுந்து, பிள்ளை குட்டிகளும் மிகுந்தவர் என்று இப்னு ஹிஷாம் விளக்கம் தருகிறார். விபத்து நேர்ந்த நம் வீடுகளின் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது.

தவறுதலாக ஒருவரால் இன்னொருவருக்கு உயிரிழப்போ பெருங்காயமோ நேர்ந்தால், அதற்கான 'தியத்' எனும் இழப்பீட்டை இழைத்தவர் மட்டுமன்றி அவருடைய 'ஆகிலா', அதாவது அவரைச் சார்ந்த கூட்டத்தார், பகிர்ந்து செலுத்தினர். தனி மனிதன் ஒருவனிடம் நூறு ஒட்டகங்கள் இராது, கூட்டத்தாரிடம் இருக்கும். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு வெறும் வாக்குறுதியாக இல்லாமல் உண்மையிலேயே தொகை போய்ச்சேருவதற்கு இதுவே வழி. யமனுக்கு அனுப்பப்பட்ட அம்ர் இப்னு ஹஸ்ம் (ரலி) அவர்களிடம் கொடுக்கப்பட்ட எழுத்தில், உயிருக்கு 100 ஒட்டகங்கள் என்பதோடு நில்லாமல், ஒரு கண்ணுக்கு 50, ஒரு காலுக்கு 50, ஒரு விரலுக்கு 10, ஒரு பல்லுக்கு 5 என உறுப்பிழப்புகளுக்கும் அளவு குறிக்கப்பட்டிருந்தது. இறந்தவருக்கு மட்டுமன்றி, உறுப்பிழந்து உயிருடன் இருப்பவருக்கும் கணக்கு உண்டு என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இதில் இரண்டு ஏற்பாடுகளைச் செய்தார்கள். ஒன்று, இழப்பீட்டை மூன்றாண்டுத் தவணையில் செலுத்தச் செய்தது. மற்றொன்று, 'திவான்' எனும் பதிவேட்டை நிறுவியது. ஒரே பதிவேட்டில் பெயருள்ளோரே ஒருவருக்கொருவர் ஆகிலா ஆவர் என்று ஹனஃபி மத்ஹபு அறிஞர்கள் இதிலிருந்து முடிவு கண்டனர். இரத்த உறவு இருந்த இடத்தில் பதிவேட்டுறவு வந்தது என்று சொல்லலாம். ஒரே சந்தாப் புத்தகத்தில் பெயர் பெற்றிருக்கும் ஜமாஅத்தார் இதனைச் சற்று நின்று யோசிப்பது நலம்.

இனி, காயம்பட்டவரைக் கவனித்த முறைக்கு வருவோம். ஹிஜ்ரி 5இல் அகழ்ப்போரின்போது ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு தைத்தது. அவர்களைத் தொலைவில் வைத்துப் பார்க்கப் பெருமானார் (ஸல்) அவர்களின் மனம் ஒப்பவில்லை. அருகிலிருந்தே நலம் விசாரிக்க வேண்டும் என்பதற்காக மஸ்ஜிதுன் நபவியிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. காயமுற்றோருக்குப் பணிவிடை செய்துவந்த ருஃபைதா (ரலி) எனும் பெண்மணியின் கூடாரம் அது என்று இப்னு இஸ்ஹாக் குறிப்பிடுகிறார். போர் நெருக்கடி, உணவுப் பற்றாக்குறை, எதிரிகளின் முற்றுகை இத்தனைக்கும் நடுவில் பள்ளிவாசலின் இடம் காயம்பட்டவருக்கு ஒதுக்கப்பட்டது. நம் பள்ளிகளின் மாடியறையில் ஒரு மருத்துவக் கட்டிலும் சக்கர நாற்காலியும் வைப்பதற்கு இடமில்லை என்று கூறுவோர் இச்செய்தியை அறிந்திருக்கவில்லை போலும்!

ஹிஜ்ரி 8இல் மூத்தா போர்க்களத்தில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது, துயரத்தில் ஆழ்ந்திருக்கும் அக்குடும்பத்துக்கு உணவு சமைத்து அனுப்புமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். நம் ஊர்களில் மவ்த் வீட்டுக்கு உணவு அனுப்பும் வழக்கத்துக்கு ஆதாரம் அதுவே. ஆனால் அதன் தொடர்ச்சியை நாம் அதிகம் பேசுவதில்லை. மூன்று நாள் கழித்து அவர்களே நேரில் சென்று, பிள்ளைகளை அழைத்து, நாவிதரை வரவழைத்துத் தலைமுடி மழிக்கச் செய்தார்கள். தாயார் அஸ்மா (ரலி) அவர்கள் பிள்ளைகளின் ஆதரவற்ற நிலையை எடுத்துரைத்தபோது, அவர்களுக்குத் தாமே பொறுப்பாளர் என்று உறுதி கூறினார்கள். சோறு முதல் மூன்று நாளுக்கு; பொறுப்பு அதற்குப் பின்னும்.

உதவி கேட்பதே இழிவு என்று எண்ணி வாய் திறவாத குடும்பங்கள் உண்டு. அவர்கள் அறிய வேண்டிய ஹதீஸ் ஒன்று ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. தாம் ஏற்ற பொறுப்புத் தொகைக்காக உதவி நாடி வந்த கபீஸா (ரலி) அவர்களிடம், மூவருக்குக் கேட்பது ஆகும் என்று நபியவர்கள் விளக்கினார்கள். பிறருக்காகப் பொறுப்பேற்றவர் ஒருவர். பேரிடரில் உடைமையை இழந்தவர் இன்னொருவர். வறுமை தாக்கியவர் என்று அவருடைய சமூகத்தின் விவரமறிந்த மூவர் சாட்சி கூறத்தக்கவர் மற்றொருவர். வாழ்வு நிலைபெறும் வரை என்பதே அதற்கு வைக்கப்பட்ட எல்லை. அம்மூவர் சாட்சியை இன்றைய ஜமாஅத் நிர்வாகக் குழுவின் விசாரணைக்கு ஒப்பிடலாம். அவ்விசாரணை மறைவாக நடைபெற வேண்டும் என்பது எமது கருத்து. கூட்டத்தில் பெயர் வாசித்துக் கொடுக்கும் பணம், வாங்குவோரின் தலையைக் குனியச் செய்கிறது.

உமய்யா கலீஃபா வலீத் (705–715) நடக்க இயலாதோருக்குப் பணியாளையும் பார்வையற்றோருக்கு வழிகாட்டியையும் நியமித்தார் என்று தபரி எழுதுகிறார். இது நோயாளிக்கு மட்டும் செய்யப்பட்ட உதவியன்று. நோயாளியைத் தூக்கி, துடைத்து, இரவெல்லாம் விழித்திருக்கும் வீட்டாருக்குக் கிடைத்த ஓய்வும் அதில் அடங்கும். 1154இல் திமிஷ்கில் நூருத்தீன் நிறுவிய மருத்துவமனையும், 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மன்சூரி மருத்துவமனையும் வக்ஃபு வருமானத்தில் இயங்கின. மன்சூரியின் வக்ஃபு ஆவணம், மருத்துவமனைக்கு வர இயலாமல் வீட்டிலேயே கிடக்கும் ஏழை நோயாளிகளுக்கும் மருந்து கொடுத்தனுப்ப இடமளித்தது.

1326இல் திமிஷ்குக்கு வந்த இப்னு பதூதா கண்ட காட்சி சிறியது, ஆனால் மறக்கவொண்ணாதது. அடிமைச் சிறுவன் ஒருவனின் கையிலிருந்த சீனப் பீங்கான் தட்டு தெருவில் விழுந்து உடைந்தது. கூடியிருந்தோரில் ஒருவர், உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பாத்திரங்களுக்கான வக்ஃபுப் பொறுப்பாளரிடம் செல்லுமாறு கூறி, அவனை அழைத்தும் சென்றார். பொறுப்பாளர் அத்தகைய தட்டு வாங்கப் பணம் தந்தார். அதாவது, தவறுதலாக நேர்ந்த இழப்புக்கென்று அந்நகரில் ஒரு வக்ஃபு இருந்தது. அதன் பொறுப்பாளர் யார் என்பது தெருவில் செல்வோருக்கும் தெரிந்திருந்தது.

இனி நம் நாட்டின் நிலை. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது; அப்பகுதி 1946இல் நடைமுறைக்கு வந்தது. 1956ஆம் ஆண்டுத் திருத்தம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தது. எவர்மீது தவறு என்று நிரூபிக்காமலேயே ஒரு தொகை பெறலாம் என்ற விதி 1982இல் வந்தது. அப்போது உயிரிழப்புக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு மாற்றாக உயிரிழப்புக்கு 5 இலட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 இலட்சம் என வகுத்தது. ஆபத்தில் வருபவருக்கு உடனடிச் சிகிச்சை தருவது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைத் தொடக்கத்தில் ஒரு இலட்சம் ரூபாய் வரை அரசே ஏற்கச் செய்தது.

2020இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு எம்மை மிகவும் கவர்ந்தது. விபத்தால் முற்றிலும் பிறரைச் சார்ந்து வாழ நேர்ந்த ஒரு சிறுமிக்கு, பகலுக்கொருவர் இரவுக்கொருவர் என இரு பணியாளர்கள் வாழ்நாள் முழுதும் தேவை எனக் கணக்கிட்டு, பணிவிடைக்கென்று மட்டும் 21,60,000 ரூபாய் வழங்கப்பட்டது. வலீதின் காலத்தில் நியமிக்கப்பட்ட பணியாளரின் நினைவு வருகிறதல்லவா? தாயார் செய்யும் பணிவிடைக்கும் விலையுண்டு என்பதை அறியாமல், மருத்துவமனை ரசீதுத் தொகையை மட்டும் கேட்டுப் பெற்றுத் திருப்தியடைந்துவிடும் குடும்பங்கள் உள்ளன.

ஆயினும் இவையெல்லாம் தாமாக வீடு தேடி வருவன அல்ல. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் ஒரு விதி, 2022 ஏப்ரல் முதல், இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது. அவ்விதி பற்றிய வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ளன. இருப்பினும் ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்துவிடுவதே பாதுகாப்பானது. அந்த ஆறு மாதமோ, வீட்டார் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருக்கும் காலம். முதல் தகவல் அறிக்கையின் நகல், காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து ரசீதுகள் இவற்றை ஒரே உறையில் சேர்த்து வைக்க அவர்களுக்கு நினைவிராது. எதிர்த் தரப்பு நீட்டும் சொற்பத் தொகைக்காகக் கையெழுத்திட்டு விடுவோரும் உண்டு. காப்பீட்டு நிறுவனம் தரும் இழப்பீட்டைப் பெறலாமா என்ற மார்க்கத் தயக்கத்தில் மாதங்களைக் கழிப்போரும் உண்டு. அவர்கள் தாமதமின்றி ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுதல் வேண்டும். பெண்கள், சிறார்கள், ஊனமுற்றோர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரை அமர்த்தித்தர 1987ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இதற்கு மனு கொடுக்கலாம்.

ஜமாஅத் செய்யத்தக்கது எளியதே. பைத்துல்மால் பதிவேட்டில் விபத்துக் குடும்பங்களுக்கென ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். குடும்பத்துக்கு இருவரை, ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும், ஓராண்டுக்கேனும் பொறுப்பாக்க வேண்டும். ஆண் உறுப்பினர் காவல் நிலையம், நீதிமன்றக் காகிதங்களைப் பார்த்துக்கொள்வார். பெண் உறுப்பினர் வாரம் ஒரு பகல் நோயாளியின் அருகிலிருந்து, அவ்வீட்டுப் பெண்மணி உறங்க வழி செய்வார். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு ஜகாத் நிதியிலிருந்தா, பொது நிதியிலிருந்தா கொடுப்பது என்பதை இமாம் அவர்களின் ஆலோசனையுடன் முடிவு செய்யலாம். ஒரே நாளில் வசூலித்துக் கொடுக்கும் பெருந்தொகை முதல் மாத மருத்துவமனைச் செலவிலேயே கரைந்துவிடும். அதனை மாதாந்தரத் தவணையாகப் பிரித்துக் கொடுத்தால் அரிசிக்கும் வாடகைக்கும் உதவும். உமர் (ரலி) அவர்கள் வகுத்த தவணைக் காலம் மூன்றாண்டு. நம் பைத்துல்மாலின் நிலைக்கேற்ப ஓராண்டில் தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.