முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டி ஓட்டத் தெரிந்தவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற இரண்டு சொற்களை விளக்க வேண்டியதில்லை. பாரம் முன்னால் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்னால் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். கம்மாபுரத்திலிருந்து விருத்தாசலத்துக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றிப் போன வண்டிக்காரர்கள் சற்றே முன்பாரமாகத்தான் கட்டுவார்கள். ஏற்றி முடித்ததும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார்கள். தராசு அவ்வளவுதான்.

இதை இப்போது எழுதக் காரணம், என் தங்கை மகன் தன் பழைய பிக்கப் வண்டிக்கு 'லெவலிங் கிட்' என்று ஒன்றைத் தபாலில் வரவழைத்தது. அதற்குப் போகுமுன் வில்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

பார வண்டிக்கு வில் கிடையாது. சாலையில் உள்ள ஒவ்வொரு கல்லும் நேரே முதுகெலும்பில் ஏறும். வசதி உள்ளவர்கள் வில்வண்டி வைத்திருந்தார்கள். வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அச்சுக்கும் வண்டிக் கூட்டுக்கும் நடுவில் பொருத்தியிருக்கும். பார்க்க வில் மாதிரியே இருப்பதால் அந்தப் பெயர். இதே பொருளுக்கு ஆங்கிலேயன் 'லீஃப் ஸ்பிரிங்' என்று இலையைச் சொல்கிறான். எனக்குப் பள்ளியில் கிடைத்த பிரெஞ்சுச் சொல் 'ரெஸோர் அ லாம்'. லாம் என்றால் கத்தியின் அலகு. மூன்றில் நம்முடையதுதான் பொருத்தம் என்பது என் கட்சி. இலை வளைந்தால் வளைந்தபடி கிடக்கும், அலகு ஒடியும், வில்தான் வளைந்து நிமிரும்.

நீள்வட்ட வில்லுக்கு இங்கிலாந்தில் ஒபதயா எலியட் என்பவர் 1804இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் பெரிய மனிதர்களின் கோச் வண்டிகளைத் தோல் வாரில் தொங்கவிட்டிருந்தார்கள். கப்பல் மாதிரி ஆடும். வெள்ளைக்காரன் வழியாக வில் நம் நாட்டுக்கு வந்ததும் அது ஓர் அந்தஸ்து ஆகிவிட்டது. யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்ற கணக்கும் கூடவே வந்தது. 1893இல் திருவிதாங்கூரில், வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கி, மாடு பூட்டி, தம் மக்கள் நடக்கவே தடை இருந்த பொதுச் சாலையில் ஓட்டிப் போனார். கேரளத்தில் அதை இன்றும் 'வில்லுவண்டி' யாத்திரை என்றே சொல்கிறார்கள். அவர் பார வண்டியில் போகாமல் வில்வண்டியில் போனதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நம் பக்கத்திலும் வில்வண்டி எதிரே வந்தால் ஓரம் ஒதுங்கி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சொந்தமாகக் குட்டி யானை ஓட்டுகிறார்கள். டாடா ஏஸ் 2005இல் வந்தபோது அது இரண்டு சிலிண்டர் டீசல் வண்டி, அவ்வளவுதான். ஆனால் அதற்குக் கீழேயும் பட்டை வில்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் பட்டையையே தூக்கி எறிந்து பார்த்தார்கள். சித்ரோயன் கம்பெனி 1955இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்த 'தே எஸ்' காரில் இரும்பு வில்லுக்குப் பதில் எண்ணெயும், உருண்டைக்குள் அடைத்த நைட்ரஜன் வாயுவும். பின்னால் எத்தனை பேர் ஏறினாலும் வண்டி தானே உயர்ந்து சமமாகிவிடும். 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. நான் அப்போது அங்கே மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். சரியாக ஆறு நாள் கழித்து, ஆகஸ்ட் 22இல், பாரிஸுக்கு வெளியே பெத்தி கிளமார் என்ற இடத்தில் ஜெனரல் தெ கோல் போன கார்மீது சுட்டார்கள். டயர்கள் வெடித்தும் வண்டி நிற்காமல் ஓடித் தப்பியது. அந்த வண்டியும் ஒரு தே எஸ்தான். எங்கள் வகுப்பில் பல நாள் அதே பேச்சு.

இனி லெவலிங் கிட்.

பிக்கப் வண்டிகள் காலியாக நிற்கும்போது முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தும் பின்பக்கம் தூக்கியும் இருக்கும். அது கோளாறு அல்ல. பாரம் ஏற்றினால் பின்னால் இறங்கிச் சமமாகட்டும் என்று கம்பெனிக்காரனே விட்டுவைத்த இடம். நம் வண்டிக்காரர் வைத்த முன்பாரம் போலத்தான். அமெரிக்காவில் பிக்கப்பைக் குடும்பக் கார் போல ஓட்டுபவர்களுக்கு அந்தக் குனிவு பிடிக்கவில்லை. முன் ஸ்பிரிங்கின் தலையில் ஒரு இரும்புத் துண்டு வைத்து ஒன்றரை, இரண்டு அங்குலம் உயர்த்திக்கொள்கிறார்கள்.

மாப்பிள்ளை இதை வீட்டு வாசலிலேயே மாட்டப் போகிறேன் என்றான். "மாமா, நீங்க சும்மா நாற்காலி போட்டு உட்காருங்க" என்றான். உட்கார்ந்தேன், கையில் டேப்போடு. அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவன் அளவு எழுதாமல் இருக்க முடியுமா? அவன் முறையாகத்தான் செய்தான். சிமெண்ட் தரை, பின் சக்கரத்துக்குக் கட்டை, ஜாக்கியை நம்பாமல் சேஸிஸுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு. ஷாக் அப்சார்பரோடு சேர்ந்த ஸ்பிரிங்கை முழுசாகக் கழற்றி, அதன் தலையில் துண்டை முடுக்கி, திரும்ப ஏற்றினான். தலையின் நடுவில் உள்ள நட்டை மட்டும் தொடவே இல்லை. அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்திருப்பது அந்த நட்டுதான். அவிழ்த்தால் ஆளையே அடித்துவிடும். கீழ் போல்ட்டுகளை வண்டி தரையில் நின்ற பிறகே இறுக்கினான். ஒரு பகல் போயிற்று. முன்பக்கம் ஒன்றரை அங்குலம் ஏறியிருந்தது.

அதன் பிறகும் வேலை இருந்தது. உயரம் மாறினால் சக்கரத்தின் கோணம் மாறும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். மறுநாள் விருத்தாசலத்துக்குப் போய் அலைன்மென்ட் பார்த்தான். விளக்கின் ஒளி எதிரே வருபவன் கண்ணில் அடித்தது, அதையும் தாழ்த்தினான். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை நான் எடுத்துச் சொன்னேன். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தமாகச் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தத்தில், வண்டியை இப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்று வைத்தார்கள்.

நம் ஊரில் இதற்கு நேர்மாறான வேலை ஒன்று நடக்கிறது. என் கவலை அதிகமும் அதன்மேல்தான். பாரம் அதிகம் ஏற்றப் பின்னால் கூடுதலாக ஒன்றிரண்டு பட்டை சேர்க்கிறார்கள். வண்டி தொங்காது, பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் அச்சும் டயரும் பிரேக்கும் பழையவைதானே? சில வண்டிகளில் பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைப் பார்த்துப் பின் பிரேக்கின் பலத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு வால்வு உண்டு. பட்டை சேர்த்து உயர்த்தினால், ஒன்றரை டன் ஏற்றியிருந்தாலும் வண்டி காலி என்றே அது நினைத்துக்கொள்ளும். அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்குமேல் டன்னுக்கு 2,000.

மறு வாரம் மாப்பிள்ளை மல்லாட்டை இருபது மூட்டை ஏற்றினான். கம்பெனிக் கணக்குக்குள்தான். டேப் வைத்துப் பார்த்தேன். பின்பக்கம் இறங்கி, முன்பக்கம் அண்ணாந்து நின்றது. பக்கத்து வீட்டுப் பெரியவர், நாற்பது வருடம் வண்டி ஓட்டியவர், திண்ணையில் இருந்தபடியே, "பின்பாரமாயிடுச்சேடா தம்பி" என்றார். அவன் இறங்கி வந்து ஐந்து மூட்டையைக் கேபினை ஒட்டி முன்னுக்கு நகர்த்தினான்.