ரீமேக்குக்கு முன் மூலம்

பழைய வீடியோ கேம்களில் எதற்கு ரீமேக் வர வேண்டும் என்று கேட்டால் ரசிகர்கள் புகழை வைத்துப் பட்டியல் போடுவார்கள். நிறுவனங்கள் விற்பனைக் கணக்கைப் பார்க்கும். அந்த கேம்களின் மூல வடிவம் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று, அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. பெரும்பாலானவை கைக்கு எட்டாத நிலையில், புகழை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் ஏற்கெனவே பிழைத்திருப்பவைதான் மறுபடியும் பிழைக்கும்.

வெஸ்ட்வுட் நிறுவனம் 1997இல் வெளியிட்ட 'பிளேட் ரன்னர்', மூலம் தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சரியான சான்று. 1998இல் அந்நிறுவனத்தை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கியது, 2003இல் மூடியது. அதற்கிடையில் மூல நிரல் தொலைந்துபோனது. விற்பனைக்கு வந்த பிரதியைப் பல ஆண்டுகள் அலசி ஆராய்ந்த 'ஸ்கம்விஎம்' என்ற மென்பொருளின் தன்னார்வலர்கள்தான், 2019இல் அதைப் புதிய கணினிகளில் ஓடவைத்தார்கள். 2022இல் வந்த மெருகேற்றிய பதிப்பு கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. பழைய வடிவத்தையும் அதனுடன் சேர்த்துத் தர வேண்டியதாயிற்று. 2001இல் வந்த 'சைலன்ட் ஹில் 2'இன் கதையும் இப்படித்தான். 2012இல் அதன் உயர்தெளிவுப் பதிப்பைச் செய்தவர்களுக்குக் கிடைத்தது முழுமை பெறாத நிரல்தான். அச்சத்துக்கே ஆதாரமான மூடுபனிகூட அதில் சரியாக அமையவில்லை.

அதே 'சைலன்ட் ஹில் 2'இன் 2024 ரீமேக் பாராட்டுப் பெறவில்லையா என்று கேட்கலாம். பெற்றது. ஆனால் அது நிலையான கேமராக் கோணங்களைக் கைவிட்டு, நாயகனின் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கும் வேறொரு படைப்பு. நன்றாக அமைந்ததா என்று ஒப்பிட்டுச் சொல்லவும் பழைய வட்டு தேவைப்படுகிறது. புதியது பழையதன் இடத்தையே பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை 2020இல் 'வார்கிராஃப்ட் 3: ரீஃபோர்ஜ்ட்' காட்டியது. 2002இல் வந்த மூல கேமை வாங்கி வைத்திருந்தவர்களின் கணினியிலும் புதிய மென்பொருளே ஏறியது. முன்பிருந்த சில வசதிகள் காணாமல் போயின.

நிறுவனங்கள் லாபத்துக்கு நடப்பவை, அருங்காட்சியகங்கள் அல்ல என்பது அடுத்த வாதம். அந்த வாதத்துக்கும் 2020லேயே பதில் கிடைத்தது. வெஸ்ட்வுட்டில் இருந்தவர்கள் தொடங்கிய பெட்ரோகிளிஃப் நிறுவனமும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸும் சேர்ந்து 1995, 1996 ஆண்டுகளின் 'கமாண்ட் அண்ட் கான்கர்' கேம்களைப் புதுப்பித்தன. ஒரு விசையைத் தட்டினால் பழைய காட்சிக்கும் புதிய காட்சிக்கும் மாறலாம். கேமின் மைய நிரலையும் பொது உரிமத்தில் திறந்துவிட்டார்கள். வெஸ்ட்வுட்டை மூடிய அதே நிறுவனத்தால் வணிகமும் காப்பும் ஒருசேரச் செய்ய முடிந்தது.

ஆகவே ரீமேக் கேட்கும் ரசிகர்கள் கூடவே ஒரு நிபந்தனையும் வைக்க வேண்டும்: புதியது வரட்டும், ஆனால் பழையது விற்பனையிலும் ஓடும் நிலையிலும் இருக்க வேண்டும். அதற்கு உறுதி தராத நிறுவனத்தின் ரீமேக்கை வரவேற்க அவசரப்பட வேண்டியதில்லை.